கில்மார்ட்டின் பங்கு: ஸ்காட்லாந்துக் கிராமப்புறம் ஒன்றின் நிலமும் தொல்வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஆர்கைல் பகுதியில் கில்மார்ட்டின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஓர் அருங்காட்சியகம், ஒரு விடுதி, சாலையோரம் சில வீடுகள் என்று ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர். அந்த ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட தொல்சின்னங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் நூற்றைம்பது அளவிலானவை எழுத்து தோன்றுவதற்கு முந்தைய காலத்தவை. இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

பங்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு தேவாலயத்தையும் அதன் குருவையும் பராமரிக்கும் பொறுப்பு எந்தெந்த ஊர்களுக்கு உண்டோ அந்த ஊர்களின் தொகுப்பே பங்கு. தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என்றும் சீர்திருத்தச் சபையினர் சேகரம் என்றும் வழங்கும் அதே அமைப்புதான். ஸ்காட்லாந்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில், குறிப்பாக முதலாம் டேவிட் மன்னர் (1124–1153) காலம் தொட்டு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குச் செலுத்தவேண்டும் என்ற விதி வலுப்பட்டது; யார் எந்தக் கோயிலுக்குச் செலுத்துவது என்ற கணக்கிலிருந்துதான் எல்லைக்கோடுகள் உறுதிப்பட்டன. பின்னாளில் ஏழைகளுக்கு உதவுவது, பள்ளி நடத்துவது, பிறப்பு இறப்புகளைப் பதிவது ஆகிய எல்லாமே அந்த எல்லைக்குள்ளேயே நடந்தன. 1930ஆம் ஆண்டில் பங்குக் குழுக்கள் ஒழிக்கப்பட்டுவிட்டாலும், தொல்லியல் பதிவேடுகளில் ஒரு கல்லின் முகவரியாக இன்றும் பங்கின் பெயரே எழுதப்படுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கின் முக்கியமான இடங்கள் இரண்டு பங்குகளில் பரவிக் கிடக்கின்றன: கில்மார்ட்டின், அதை அடுத்த கில்மைக்கேல் கிளாசரி. எல்லைக்கோடு தோன்றுவதற்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்கள் நடப்பட்டுவிட்டன என்பதால், தேவைப்படும் இடங்களில் நாமும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகத்தான் வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கின் நிலம் எவ்வாறு உருவானது?

அடிப்பாறைகள் மிகப் பழையவை. கடலடியில் படிந்த மணலும் சேறும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மை பெற்ற பாறைகள் அவை. அப்பாறைகளின் மடிப்புகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுவதால், இப்பகுதியின் முகடுகளும் ஏரிகளும் கடற்கழிகளும் அதே திசையில் சாய்ந்து கிடப்பதை வரைபடத்தில் ஒரு பார்வையிலேயே காணலாம். பாறை தட்டையாகப் பிளப்பதுதான், பின்னாளில் மனிதர்களுக்கு நெடுங்கற்களும் கல்லறைப் பலகைகளும் எளிதில் கிடைக்கக் காரணமாயிற்று.

இன்று கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைக் கொடுத்தது பனியுகம். பனிப்பாறைகள் உருகிய காலத்தில், 41 கிலோமீட்டர் நீளமுள்ள ஆவ் ஏரியின் நீர் இப்போது போல வடக்கே பிராண்டர் கணவாய் வழியாக வடியாமல், தெற்கு முனையிலிருந்து கில்மார்ட்டின் பள்ளத்தாக்கின் ஊடாகவே கடலுக்குச் சென்றது. அந்தப் பெருவெள்ளம் சரளையையும் மணலையும் அடித்துக்கொண்டு வந்து படிப்படியாகத் தளங்களை அமைத்தது. கில்மார்ட்டின் தேவாலயம் நிற்பது அப்படிப்பட்ட ஒரு சரளைத் திட்டின் மேல்தான். வெள்ளம் வற்றிய பின் எஞ்சியது, இவ்வளவு அகன்ற பள்ளத்தாக்குக்குப் பொருத்தமே இல்லாத ஒரு சிற்றோடை. வடிகால் வசதியுள்ள, உழுவதற்கு இலகுவான, தட்டையான நிலம் ஆர்கைலின் மலைப்பகுதியில் மிக அரிது. அது இங்கே கிடைத்தது. வரலாறு முழுவதற்கும் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது உதவும்.

தெற்கே பரந்து கிடக்கும் அந்தப் பெருஞ்சதுப்பு என்ன?

அதன் பெயர் மோன்யே வோர். கேலிக் மொழியில் ‘பெரிய சதுப்பு’ என்று பொருள். பனிக்கட்டியின் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல மேலெழும்ப, கடல் பின்வாங்கியது. கடல் விட்டுச்சென்ற சேற்றுத்தரையில் நீர் தேங்கி, அழுகாத பாசித்தாவரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, பீட் எனப்படும் கரிய மண்ணாகப் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்ந்தது. இவ்வகைச் சதுப்பு நடுவில் மேடிட்டு நிற்கும். ஆற்றுநீர் ஏறாது, மழைநீரை மட்டுமே நம்பி வாழும். பூச்சிகளைப் பிடித்துண்ணும் பனித்துளிச் செடி இங்கே உண்டு. சதுப்பின் ஊடாக ஆட் என்ற ஆறு பாம்பைப் போல வளைந்து வளைந்து கிரினன் கழிமுகத்தைச் சேர்கிறது. இன்று இது தேசிய இயற்கைக் காப்பிடம்.

மனிதர் கட்டியவற்றுள் மிகப் பழையது எது?

மரத்தால் ஆனது என்பதால் அது இன்று கண்ணுக்குத் தெரியாது. ஊருக்கு அருகில் மேல் லார்கி என்னுமிடத்தில் சரளை வெட்டுவதற்கு முன் நடந்த அகழாய்வில், இரண்டு இணை வரிசைகளாக ஊன்றப்பட்டிருந்த மரத்தூண்களின் குழிகள் வெளிப்பட்டன. கி.மு. நான்காம் ஆயிரத்தின் முற்பகுதியில், வேளாண்மை இங்கே வந்து சேர்ந்த சில தலைமுறைகளுக்குள், மக்கள் கூடி நடந்து செல்வதற்காக அமைத்த சடங்குப்பாதை அது என்று கருதப்படுகிறது.

டெம்பிள் வுட் கல்வட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1970களில் நடந்த அகழாய்வில், அங்கே ஒன்றல்ல, இரண்டு வட்டங்கள் இருந்தது தெரியவந்தது. வடக்கு வட்டம் கி.மு. 3000ஐ ஒட்டி முதலில் மரத்தூண்களால் அமைக்கப்பட்டு, பின்னர் கல்லால் மாற்றப்பட்டது. தெற்கு வட்டத்தில் முதலில் 22 கற்கள் நின்றன. இன்று 13 எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒரு கல்லின் இரு முகங்களைத் தொட்டு ஓடும்படி சுருள்கோலம் பொளியப்பட்டுள்ளது. வட்டம் எழுந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதன் நடுவே கற்பதுக்கை (கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்த கல்லறை) ஒன்றை வைத்து இறந்தவரை அடக்கம் செய்தார்கள். பிறகு மேலும் கற்களைக் குவித்து, கற்களுக்கிடையே இருந்த வழிகளை அடைத்தார்கள். வழிபாட்டிடமாகத் தொடங்கியது இடுகாடாக முடிந்தது. டெம்பிள் வுட் என்ற பெயரும், சுற்றிலும் நிற்கும் மரங்களும் பிற்காலத்து நிலக்கிழார் வைத்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

பாறைகளில் கிண்ணம் போன்ற குழிகளும் வளையங்களும் செதுக்கியது யார்? எதற்காக?

கி.மு. நான்காம், மூன்றாம் ஆயிரங்களில் இங்கே வாழ்ந்த வேளாண் மக்கள், கெட்டியான கூழாங்கல்லைக் கொண்டு பாறையைக் கொத்திக் கொத்தி இவற்றை உருவாக்கினார்கள். நடுவில் ஒரு கிண்ணக்குழி, அதைச் சுற்றி ஒன்று முதல் ஏழெட்டு வரை வளையங்கள், சில சமயம் நடுக்குழியிலிருந்து வெளியே வழியும் ஒரு வாய்க்கால். கில்மைக்கேல் கிளாசரிப் பங்கிலுள்ள அக்னப்ரெக் பாறைகள் பிரித்தானியாவிலேயே மிகப் பெரிய செதுக்கல் தொகுதிகளில் ஒன்று. அங்குள்ள பெரிய வளையங்கள் ஒரு மீட்டர் அகலத்தை நெருங்குகின்றன. கில்மார்ட்டின் பங்குக்குள் பாலுவாக்ரெய்க், ஓர்மேக் ஆகிய இடங்களிலும் இவை உண்டு.

எதற்காக என்ற கேள்விக்கு ஒற்றை விடையைத் தருவோரை நம்பவேண்டாம் என்பது என் கருத்து. விண்மீன் வரைபடம், நீர்ச்சடங்கு, எல்லைக்குறி என்று நூற்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் சொல்லப்பட்டுவிட்டன. உறுதியாகத் தெரிவது வேறொன்று: இச்செதுக்கல்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கு கண்ணில் விரியும் சரிவுகளில், வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழிகளை ஒட்டி அமைந்துள்ளன. பாறையின் இயல்பான வெடிப்புகளையும் மேடுபள்ளங்களையும் செதுக்கியவர்கள் கோலத்தோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நண்பகலில் போனால் வெறும் சாம்பல்நிறப் பாறைதான் தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போதோ மழை ஓய்ந்த உடனேயோ போய் நின்றால், ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் நிழல் தேங்கி, பாறை முழுவதும் வளையங்கள் எழுந்து வரும்.

ஊருக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் கற்குவைகள் எவை?

ஊரையொட்டிய கிளீப் கற்குவையில் தொடங்கி, நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு என மூன்றையும் கடந்து, ரீ குரூயின் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கின் நடுவே இவை ஒரே கோட்டில் அமைந்துள்ளன. இவ்வளவு நேரான இடுகாட்டு வரிசை ஸ்காட்லாந்தில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைப்பதில்லை.

வரிசையில் மூத்தது நெதர் லார்கி தெற்கு. குனிந்து உள்ளே நுழையக்கூடிய, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள கல்லறை அதற்குள் இருக்கிறது. குறுக்கே நிறுத்திய பலகைக்கற்கள் அதை நான்கு அறைகளாகப் பிரிக்கின்றன. புதிய கற்காலத்தில் கட்டப்பட்ட இக்கல்லறையை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து வெண்கலக்காலத்து மக்கள் மீண்டும் திறந்து தங்களவர்களை அடக்கினார்கள். 1864இல் வில்லியம் கிரீன்வெல் என்ற குருவானவர் இதை அகழ்ந்தபோது, இரு காலத்து மட்கலங்களும் எரிந்த எலும்புகளும் கிடைத்தன. மற்ற நான்கும் கி.மு. 2200ஐ ஒட்டிய காலத்திலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. புதியவர்கள் பழைய கல்லறையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதன் நேர்கோட்டிலேயே தங்கள் கற்குவைகளை அடுக்கினார்கள். அந்த முன்னோரோடு இவர்களுக்கு இரத்த உறவு இருந்ததோ இல்லையோ, உறவு இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் தேவை இருந்தது என்று நான் வாசிக்கிறேன்.

நெதர் லார்கி வடக்கைத் தவறவிடக் கூடாது. 1930இல் ஹியூவட் கிரா என்பவர் இதை அகழ்ந்து முடித்த பின், மேலே கற்களைத் திரும்பக் குவித்து, உச்சியில் ஒரு திறப்பு விடப்பட்டது. அதன் வழியாக இறங்கினால் ஒருவர் நிற்கக்கூடிய அறையொன்று. கண் இருட்டுக்குப் பழகியதும், கற்பதுக்கையின் மூடுபலகை தெரியும்: அதன் அடிமுகத்தில் ஏறத்தாழ பத்துக் கோடரித் தலைகளும் நாற்பது கிண்ணக்குழிகளும் இருக்கின்றன. கோடரிகள், அக்காலத்தில் புதிதாக வந்த வெண்கலக் கோடரியின் அகன்ற வாய் வடிவத்தில் உள்ளன. சில கோடரிகள் குழிகளின் மேல் ஏறி நிற்பதால், முதலில் குழிகளோடு எங்கோ கிடந்த பழைய பாறையைப் பெயர்த்து வந்து, அதில் புதிய சின்னத்தைப் பொளித்து, செதுக்கிய முகம் இறந்தவரைப் பார்க்கும்படி கவிழ்த்து மூடினார்கள் என்று புரிகிறது. உயிரோடிருந்த எவரும் காணமுடியாத இடத்தில் அத்தனை வேலைப்பாடு.

கிளீப் என்ற பெயருக்கு என்ன பொருள்?

தேவாலயக் குருவின் பிழைப்புக்காக ஒதுக்கப்பட்ட மானிய நிலத்தை ஸ்காட்லாந்தில் அவ்வாறு வழங்குவர். நாலாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கற்குவை, குருவின் மானியத்துக்குள் அகப்பட்டதால் அந்தப் பெயரைப் பெற்றது.

கல்லறைகளில் என்னென்ன கிடைத்தன?

எலும்புகள் குறைவு, இம்மண்ணின் புளிப்புத்தன்மை அவற்றைக் கரைத்துவிடும். மேல் லார்கியில் கண்ட ஒரு புதைகுழியில் உடலின் சுவடே இல்லை, ஆனால் உடன் வைத்த குவளைகள் இருந்தன. அவற்றின் வடிவமும் அழகுவேலையும் ரைன் ஆற்றின் கடைமடைப் பகுதியில், இன்றைய நெதர்லாந்தில், கிடைப்பவற்றை ஒத்திருக்கின்றன. அயர்லாந்துப் பாணியிலான உணவுக்கலங்களும் இப்பள்ளத்தாக்கில் கிடைத்துள்ளன. போல்டலாக் அருகே ஒரு கற்பதுக்கையில் ஜெட் எனப்படும், மரம் புதைந்து இறுகிய பளபளப்பான கரும்பொருளாலான கழுத்தணி ஒன்று கிடைத்தது. அது எடின்பரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெட் கிடைக்கும் இடமோ பிரித்தானியாவின் எதிர்க்கரையில், இங்கிலாந்தின் விட்பி கடற்கரை. வெண்கலத்துக்கு வேண்டிய செம்பு அக்காலத்தில் பெருமளவு அயர்லாந்திலிருந்து வந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பள்ளத்தாக்கின் செல்வத்துக்கு ஒரு காரணம் துலங்குகிறது. தெற்கே கின்டயர் முனையிலிருந்து அயர்லாந்தின் அன்ட்ரிம் கரை 20 கிலோமீட்டர்தான். கடல்வழி வரும் சரக்கு கிரினன் கழியில் இறங்கி, இத்தட்டையான நிலத்தைக் கடந்து, ஆவ் ஏரியில் மீண்டும் படகேறி ஸ்காட்லாந்தின் உள்நாட்டுக்குப் போகமுடியும். செம்பு கிழக்கே போகும் வழியை அடைத்து உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கல்லறையில் கோடரியைச் செதுக்கிக்கொண்டதில் வியப்பில்லை.

அண்மையில் மான் உருவங்கள் கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். டன்கிரேகேக் கற்குவையின் ஒரு கற்பதுக்கைக்குள், மூடுபலகையின் அடிமுகத்தில், கிளைத்த கொம்புகளோடு கூடிய ஆண் செம்மான்கள் இரண்டும் வேறு சில நாற்கால் விலங்குகளும் செதுக்கப்பட்டிருப்பது 2021இல் அறிவிக்கப்பட்டது. இரவில் கைவிளக்கோடு உள்ளே குனிந்து பார்த்த ஓர் ஆர்வலரின் கண்ணில் அவை பட்டன. பின்னர் முப்பரிமாணப் படப்பதிவு அதை உறுதிசெய்தது. நாலாயிரம் முதல் ஐயாயிரம் ஆண்டுகள் பழமையான இவை, ஸ்காட்லாந்தில் இதுவரை அறியப்பட்ட விலங்குச் செதுக்கல்களில் மிகப் பழையவை. இத்தீவின் பாறைச்செதுக்கல்களில் குழியும் வளையமும்தான் உண்டு, உருவங்கள் கிடையாது என்று நெடுங்காலம் எழுதிவந்தது அன்றோடு மாறியது. சாலையோரத்தில், எல்லோரும் அறிந்த ஒரு கற்குவையில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அகழ்ந்து முடித்த இடத்தில் இது நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

நெடுங்கற்கள் நிலாவைக் கணிக்க நடப்பட்டவையா?

நெதர் லார்கியில் ஐந்து பெரிய கற்கள் உள்ளன. இரு முனைகளில் இரண்டிரண்டு, நடுவே குழிகள் பொளிந்த ஒன்று. பொறியியல் பேராசிரியரான அலெக்சாண்டர் தாம் இவற்றை நுட்பமாக அளந்து, 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலா வானில் எட்டும் எல்லைப்புள்ளிகளைக் குறிக்கும் நோக்கிடம் இது என்று வாதிட்டார். அத்தனை துல்லியத்தை இன்று பெரும்பாலான தொல்லியலாளர் ஏற்பதில்லை. ஆயினும் கற்களின் வரிசை நிலாவின் எழுச்சி, மறைவுத் திசைகளைப் பொதுவாக நோக்கியது என்பதை மறுப்பவர் குறைவு. சற்றுத் தெற்கே பாலிமீனாக்கில் நான்கு கற்கள் ஒரு வரிசையாகவும் இரண்டு கற்கள் அதற்கு இணையாகவும் நிற்கின்றன. உயரமானது ஏறத்தாழ 4 மீட்டர். அருகே வட்டமான அகழியும் கரையும் கொண்ட சடங்குத்திடல் ஒன்றும் உண்டு.

டனாட் ஏன் இவ்வளவு முக்கியமானது?

சதுப்பின் நடுவே திடீரென்று எழும் 54 மீட்டர் உயரப் பாறைக்குன்று அது. பெயரின் பொருள் ‘ஆட் ஆற்றங்கரைக் கோட்டை’. பங்கெல்லையின்படி கில்மைக்கேல் கிளாசரியைச் சேர்ந்தது. கி.பி. 500 முதல் 900 வரையிலான காலத்தில், இன்றைய ஆர்கைலையும் வடகிழக்கு அயர்லாந்தின் ஒரு பகுதியையும் ஆண்ட டால் ரியாட்டா அரசின் தலைமையிடங்களில் முதன்மையானது இது. இவ்வரசின் கேலிக் மொழி பேசிய மக்களையே இலத்தீன் ஏடுகள் ஸ்காட்டி என்றன; நாட்டுக்கு ஸ்காட்லாந்து என்ற பெயர் அவர்களிடமிருந்து வந்தது.

அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டேடுகள் டனாட்டை இருமுறை பெயர் சொல்லிக் குறிக்கின்றன. 683இல் அது முற்றுகையிடப்பட்டது. 736இல், கிழக்கிலும் வடக்கிலும் வாழ்ந்த பிக்ட் மக்களின் அரசன் ஓயங்கஸ் டால் ரியாட்டாவைச் சூறையாடி, டனாட்டைக் கைப்பற்றி, அரசன் செல்பக்கின் இரு மகன்களைச் சங்கிலியால் பிணைத்தான். ஆண்டேட்டில் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்ட இடத்தை 1904, 1929, 1980–81 ஆகிய ஆண்டுகளில் நடந்த அகழாய்வுகள் விரித்துக் காட்டின. பொன், வெள்ளி, வெண்கலம் உருக்கிய மூசைகள், மேலாடையைப் பிணைக்கும் ஊசிப்பதக்கங்களுக்கான களிமண் வார்ப்பு அச்சுகள், தானியம் அரைத்த ஏராளமான திருகைக் கற்கள், பிரான்சின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த மட்கலங்கள், செம்மணிக்கல் பதித்த பொன்குமிழ் எனப் பட்டியல் நீள்கிறது. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு அரிதாரக் கட்டி. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்திருக்கவேண்டிய இந்த மஞ்சள் கனிமத்தை அரைத்து ஏட்டுச்சுவடிகளுக்கு வண்ணம் தீட்டுவார்கள். அயோனா மடத்தின் துறவிகள் சுவடி எழுதிக்கொண்டிருந்த அதே காலம் அது.

உச்சியிலுள்ள பாதச்சுவடு உண்மையானதா?

குன்றின் மேற்றளத்தில், தட்டையான பாறை முகத்தில், செருப்பணிந்த வலக்கால் பதியுமளவு ஒரு சுவடு குடையப்பட்டுள்ளது. அருகே கிண்ணம் போன்ற ஒரு குழி, காட்டுப்பன்றி உருவம், ஓகம் எனப்படும், கீறல்களாலான பழைய ஐரிஷ் எழுத்தில் ஒரு வரி. இன்று நீங்கள் மிதிப்பது, மூலப்பாறையைக் காக்க அதன்மேல் பொருத்திய படியச்சு. உண்மையான சுவடு அதன் அடியில் இருக்கிறது.

புதிய அரசன் பதவியேற்கும்போது தன் பாதத்தை அதில் வைத்து, நிலத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பிற்காலத்தில் ஹெப்ரிடீஸ் தீவுகளை ஆண்ட தலைவர்கள் பாதம் செதுக்கிய கல்லின்மேல் நின்று பதவியேற்றதாக மரபுச்செய்தி இருப்பது இதற்கு வலுச்சேர்க்கிறது. அச்சுவட்டில் நிற்பவர் கண்ணுக்கு ஆறும் சதுப்பும் வடக்கே கற்குவைகள் நிற்கும் பள்ளத்தாக்கும் ஒருங்கே தெரியும். அன்றைக்கே அக்கற்கள் மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. முன்னோரின் நிலத்தின் நடுவே அரியணை ஏறுவது தற்செயலாக நடந்திருக்காது.

டால் ரியாட்டா மக்கள் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்களா?

ஃபெர்கஸ் மோர் என்ற தலைவன் கி.பி. 500ஐ ஒட்டி அன்ட்ரிமிலிருந்து கடல்கடந்து வந்து அரசை நிறுவினான் என்பது மரபு. டனாட்டை அகழ்ந்தவர்களுள் ஒருவரான யூவன் கேம்பல் 2001இல் இதை மறுத்தார்: அயர்லாந்து வகை வட்டக்கோட்டைகளோ ஊசிப்பதக்கங்களோ அக்காலத்தில் ஆர்கைலுக்குள் பெருமளவில் வந்ததற்குத் தடயமில்லை, கடலின் இரு கரையிலும் ஒரே மொழியைப் பேசிய மக்கள் நெடுங்காலமாகவே வாழ்ந்தனர், வந்தேறிய கதை பின்னர் அரசகுலத்தின் உரிமையை நிறுவ எழுதப்பட்டது என்றார். விவாதம் ஓயவில்லை. கிழக்கே மலைத்தொடர் தடுக்க, மேற்கே கடல் வழிவிட்ட ஒரு நாட்டில் இரு கரைகளும் ஒரே பண்பாட்டு உலகமாக இருந்தன என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

கிறித்தவம் எப்போது வந்தது? கில்மார்ட்டின் என்ற பெயரின் பொருள் என்ன?

கொலும்பா என்ற ஐரிஷ் துறவி 563இல் டால் ரியாட்டாவுக்கு வந்து, அயோனாத் தீவில் மடம் அமைத்தார். 574இல் ஆய்டான் அரசனுக்கு அவர் திருநிலைச் சடங்கு செய்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய அதோம்னான் கூறுகிறார். கேலிக் மொழியில் ‘கில்’ என்றால் கோயில். கில்மார்ட்டின் ‘மார்ட்டின் கோயில்’ ஆகிறது. பிரான்சின் தூர் நகரத்துப் புனித மார்ட்டினை அது குறிக்கும். தேவாலய முற்றத்தில் இடைக்காலக் கல்லறைப் பலகைகள் பல பாதுகாக்கப்படுகின்றன. வாளும் கொடிப்பின்னலும் கவசமணிந்த வீரர்களும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளனர்.

பங்கின் வடக்கே நிற்கும் கார்னாசரிக் கோட்டையைக் கட்டிய ஜான் கார்ஸ்வெல் இப்பங்கின் குருவாக இருந்தவர். ஸ்காட்லாந்தில் சமயச் சீர்திருத்தம் நடந்தபின், வழிபாட்டு நூலொன்றை அவர் கேலிக்கில் பெயர்த்து 1567இல் எடின்பரோவில் அச்சிட்டார். கேலிக் மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அரசனின் சுவடு பதிந்த குன்றிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் அம்மொழி அச்சுக்கு ஏறியது. கோட்டை 1685இல் ஆர்கைல் பிரபுவின் கிளர்ச்சியின்போது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இவ்வளவும் எப்படித் தப்பிப் பிழைத்தன?

முழுவதும் பிழைக்கவில்லை. கற்குவைகளின் கற்கள் வேலிச்சுவர்களுக்கும் சாலைக்கும் பெயர்க்கப்பட்டதால்தான் பல இன்று தாழ்ந்து கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் நிலத்தின் பெரும்பகுதி போல்டலாக்கின் மால்கம் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டங்களிலிருந்து வந்த பணம் சதுப்பின் ஒரு பகுதியை வடித்து வயலாக்கவும், 1850ஐ ஒட்டி ஒரு மாளிகை கட்டவும் செலவாயிற்று. இன்று பள்ளத்தாக்கில் காணும் நேர்கோட்டு வாய்க்கால்களும் சதுர வயல்களும் அந்தப் பணத்தின் சுவடுகள். இதைச் சொல்லாமல் இந்நிலத்தின் அழகை மட்டும் பாடுவது நேர்மையாகாது. மாளிகை இப்போது கூரையின்றி நிற்கிறது.

பழங்காலப் பங்கின் நிலையை அறிய எழுத்துச்சான்று உண்டா?

உண்டு. 1790களில் சர் ஜான் சின்க்ளேர் நாடெங்கிலுமுள்ள பங்குக் குருக்களுக்கு நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, நிலம், பயிர், மக்கள்தொகை, பழஞ்சின்னங்கள் பற்றி விடை பெற்று 21 தொகுதிகளாக வெளியிட்டார். 1834–45இல் இரண்டாம் தொகுப்பும் வந்தது. ஸ்காட்லாந்தின் எந்தப் பங்கைப் படிக்க விரும்பினாலும் இவ்விரண்டிலிருந்தே தொடங்கலாம்.

நேரில் செல்பவர்கள் எங்கிருந்து தொடங்கவேண்டும்?

லாக்கில்ப்பெட் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டரில் ஊர் வரும். பழைய குருமனையில் 1997இல் திறந்த அருங்காட்சியகம், விரிவாக்கப் பணிக்குப்பின் 2023இல் மறுபடி திறக்கப்பட்டது. அகழாய்வுப் பொருட்களை முதலில் அங்கே பார்த்துவிடுங்கள். செதுக்கிய பாறைகள்மேல் நடக்கவோ, சுண்ணக்கட்டியால் கோலத்தை வரைந்து பார்க்கவோ கூடாது. பாறையின் மேற்பரப்பு அவ்வளவு மெலிந்துவிட்டது. பிறகு தேவாலய முற்றத்தின் மேற்குச் சுவரருகே வந்து நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வாளேந்திய வீரர்களின் கல்லறைப் பலகைகள். காலடியில் பனியுக வெள்ளம் கொட்டிய சரளைத்திட்டு. கீழே மானிய நிலத்தில், ஆடுகள் மேயும் புல்லுக்கு நடுவே, சாம்பல்நிறக் கூழாங்கற்களாகக் குவிந்து கிடக்கும் கிளீப் கற்குவை. அதற்குத் தெற்கே, மரங்களின் இடைவெளியில், அடுத்த கற்குவை.